யாரும் கேட்காத சிக்கன் சாப்

அத்தியாயம் 11

பகல் மூன்று மணிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

இரண்டாவது வேலையில் சூன் ஹின்னுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் அவன் இடுப்புச் சுற்றளவே அதற்குச் சாட்சி. முதல் வேலைதான் தொண்டையில் நின்றது.

போன வாரம் கோலாலம்பூர்ப் பேருந்திலிருந்து தங்கை லே பெங் இறங்கியபோது அவள் மார்போடு அணைத்துக்கொண்டிருந்த சிவப்புத் துணிப் பொட்டலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் இருப்பது ஒரு முழ உயர மரப்பலகை. அப்பா காவ் தெயிக் சுவானின் பெயர் அதில் எழுதியாகிவிட்டது. கடைசி எழுத்தின் தலையில் ஒரே ஒரு புள்ளி பாக்கி. அதை மூத்த மகன் தன் விரல் ரத்தத்தைச் சிவப்பு மையில் கலந்து வைக்க வேண்டும். வைத்தால் பலகை அப்பாவாகிவிடும். வீட்டுப் பீடத்தில் ஏறும். நாள் தவறாமல் ஊதுவத்தியும் சோறும் கிடைக்கும். வைத்த புள்ளியை எடுக்க வழி கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அப்பா செத்துப்போனாரா என்பது யாருக்கும் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரிகை வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் போனார். வண்டி படகுத்துறையில் ஒழுங்காகப் பூட்டி நின்றது. அவரைக் காணோம்.

“செத்திருந்தா ஏழு வருஷமா பட்டினிடா,” என்றாள் அம்மா. அவள் பெயர் காய்க் சூ, எழுபது வயது, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இல்லாதவள். “ஏழாம் மாசம், செத்தவங்க உலகத்துக் கதவு திறந்திடுச்சு. எல்லா வீட்டு ஆளுங்களும் வந்து சாப்பிடுறாங்க. அவரு எந்த வாசல்ல நிப்பாரு?”

“உயிரோட இருந்தா?” என்றான் சூன் ஹின்.

“இருந்தா ஏன் வரல?”

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் ஓட்டும் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மட்டும் மிதித்துப் பிழைக்கிறவன். சொந்த வாழ்க்கையிலும் அவன் அதைத்தான் செய்கிறான் என்பது லே பெங்கின் கருத்து. கல்யாணம், வீடு வாங்குவது, பல் கட்டிக்கொள்வது, எல்லாவற்றிலும் பிரேக்.

“மூணு மணிக்கு எழுத்துக்காரர் ஊய் காத்திருப்பார், கோ,” என்றாள் லே பெங். அண்ணனை அவள் ‘கோ’ என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும். “இந்த வாட்டி பிரேக்ல இருந்து காலை எடுத்துடு.”

ஜெலுத்தோங் சாலையோரம் இருக்கிற ‘மூன்று தென்னை’ உணவுக்கூடத்துக்கு அவர்கள் ஏழு வருஷம் கழித்து வருகிறார்கள். அங்கே தென்னை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தகரக் கூரை, சுழன்று களைத்த மின்விசிறிகள், சுற்றிலும் முப்பது கடைகள். ஒரு பக்கம் வாத்துச் சோறு, அதன் தோளை உரசிக்கொண்டு ஜப்பானிய ஒக்டோபஸ் உருண்டை, அதற்கு அடுத்து சயாமியப் பெண்ணின் டோம் யாம் புளிப்புச் சூப், எதிரே ஹைனான் சீனர் நடத்தும் வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஏழாம் மாத மேடை போட்டிருந்தார்கள். பாட்டுக் கச்சேரி சாயங்காலம்தான். நாற்காலிகள் மட்டும் இப்போதே வெயிலில் வரிசையாக நின்றன. முதல் வரிசை சிவப்பு நாற்காலி. அது மனிதர்களுக்கு இல்லை, வந்திருக்கும் ஆவிகளுக்கு. பினாங்கில் பிறந்த எந்தக் குழந்தையும் அதில் போய் உட்காராது.

“மா, இங்க காலியா இருக்கு,” என்றாள் லே பெங்.

அம்மா கேட்கவில்லை. காலியாக இருந்த மூன்று மேசைகளைத் தாண்டிப் போய், தூண் ஓரமாக இருந்த இருபத்து மூன்றாம் எண் மேசையில் கைப்பையை வைத்தாள். பலகைப் பொட்டலத்தை நான்காவது நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தாள்.

“ஆசை தீர ஒரு வேளை. அவர் இஷ்டப்பட்ட எடத்துல,” என்றாள்.

இந்த மேசைகளில்தான் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் நடந்தது. போன வாரம் சாப்பிட்ட கடையில் இந்த வாரம் யாரும் வாங்கக் கூடாது. மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தட்டாவது இருக்க வேண்டும், ஒரு தட்டாவது பெயர் தெரியாததாக இருக்க வேண்டும். எல்லோர் கரண்டியும் எல்லோர் தட்டிலும் போகும். கடைசியில் அப்பா மதிப்பெண் போடுவார். சட்டத்துக்கு அவர் மட்டும் விலக்கு. பொரித்த கோழித்துண்டு சிக்கன் சாப், மேலே குழம்பு ஊற்றாமல், பக்கத்தில் சின்னத் தட்டில் காடியில் ஊறிய மிளகாய். முப்பது வருஷம் அதே.

சூன் ஹின் கடை கடையாகப் போய்ச் சொன்னான். அம்மாவுக்கு மீன் போட்ட அரிசி சேமியா, பீஹூன். லே பெங்குக்கு இறைச்சி உருண்டை போட்ட ஸ்பகெட்டி. தனக்கு வறுத்த பட்டை நூடுல்ஸ் குவே தியாவ், கூடவே ஒக்டோபஸ் உருண்டை ஆறு. மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஒவ்வொரு கடையிலும், “இருபத்து மூணு.” எண்ணைச் சொன்னால் தட்டு மேசைக்கு வரும், வந்ததும் காசு. இந்தக் கூடத்தில் யாரும் முன்கூட்டிக் காசு வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

கடைசியாகக் கரும்புச்சாறு வாங்க நின்றபோதுதான் அது நடந்தது.

“ஆ ஹின்.”

முதுகுக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில். சத்தமாக இல்லை. கேள்வி மாதிரி, கடைசியில் சற்றே மேலே ஏறும் குரல்.

அந்தப் பெயரை அப்படி ஏற்றிச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

சூன் ஹின்னின் கழுத்து ரோமம் நின்றது. கழுத்து மட்டும் திரும்பவில்லை. ஏழாம் மாதத்தில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது. திரும்பினால், கூப்பிட்டது எதுவோ அது கூடவே வந்துவிடும். நான்கு வயதிலிருந்து அம்மா காதைத் திருகிக் கற்பித்த பாடம். கார் ஓட்டும்போது கண்ணாடியைப் பார், பின்னால் பார் என்று ஊருக்கெல்லாம் கத்துகிறவன், இப்போது கரும்பு இயந்திரத்தின் பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆ ஹின்?”

இன்னொரு தரம். பிறகு இல்லை.

கரும்புச்சாறு பாதி கையில் வழிய, முதுகை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு மேசைக்கு நடந்தான்.

“என்ன கோ, மூஞ்சி வெளுத்திருக்கு?”

“வெயில்.”

“நீ எப்ப வெயில்ல வெளுத்திருக்க? கருக்கத்தான செய்வ.”

அவன் பதில் சொல்வதற்குள் முதல் தட்டு வந்துவிட்டது.

சிக்கன் சாப். குழம்பு இல்லை. பக்கத்தில் சின்னத் தட்டில் காடி மிளகாய்.

கடைக்காரப் பெண் அதை நான்காவது நாற்காலிக்கு எதிரே, பொட்டலத்துக்கு நேராக வைத்தாள்.

“இது நாங்க சொல்லல,” என்றாள் லே பெங்.

“இருபத்து மூணுதான? குழம்பு வேணாம், மிளகாய் தனியா. சரியாத்தான் இருக்கு.”

சூன் ஹின் சட்டைப்பையில் கையை விட்டான். யாரோ செய்த தவறுக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போவது அவனுக்குச் சண்டையைவிட மலிவு.

“காசு குடுத்தாச்சு, அங்கிள்.”

“யார் குடுத்தா?”

“சொன்னவரு. பதினொன்றரைக்கே வந்து சொல்லிட்டாரு. பன்னெண்டரைக்குக் கொண்டு போனா போதும், அப்பத்தான் அவங்க வந்திருப்பாங்கன்னாரு.”

அவள் போய்விட்டாள். மூவரும் தட்டைப் பார்த்தார்கள். கோழியிலிருந்து ஆவி எழுந்து, மின்விசிறிக் காற்றுக்கு எதிர்த் திசையில், பொட்டலத்தின் பக்கமாகச் சாய்ந்தது. மின்விசிறி திரும்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சூன் ஹின் முடிவு செய்தான்.

“நாம பன்னெண்டு பத்துக்குத்தான் வந்தோம்,” என்றாள் லே பெங் மெதுவாக. “இந்த மேசைல உக்காருவோம்னு பதினொன்றரைக்கு யாருக்குத் தெரியும்?”

“சாப்பிடு,” என்றாள் அம்மா.

“மா.”

“ஆறிடும். சாப்பிடு.”

இரண்டாவதாக சயாமியப் பெண் மண் சட்டியோடு வந்தாள். டோம் யாம். மீன் இருந்தது, காளான் இருந்தது, கணவாய் இருந்தது.

“இறால் போடல,” என்றாள். “சின்னவளுக்கு இறால் ஆகாது, உதடு வீங்கும், சட்டியையே மாத்திச் செய்யுன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. இதுல சின்னவ யாரு?”

முப்பத்தொன்பது வயதுச் சின்னவள் கையை உயர்த்தவில்லை. அவள் உதடு கடைசியாக வீங்கியது ஆறாம் வயதில். அதற்குப் பிறகு இறால் பக்கமே போனதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. அலுவலகத்தில் கேட்டால் பிடிக்காது என்று சொல்லிவிடுவாள்.

“காசு குடுத்தாச்சா?” என்று சூன் ஹின் கேட்டான்.

“ஆச்சு.”

லே பெங் கரண்டியை எடுத்தாள். எடுத்ததை மேசையில் ஓங்கி வைத்தாள். “உயிரோடதான் இருக்காரு. எங்கயோ இருந்துக்கிட்டு நம்மள வேடிக்கை பாக்குறாரு. ஏழு வருஷம், கோ. வந்து உக்காந்து சாப்பிட்டா என்னவாம்?”

“செத்தவங்களுக்கும் இதெல்லாம் ஞாபகம் இருக்கும்,” என்றாள் அம்மா, மீன் முள்ளை எடுத்தபடி.

“செத்தவங்க காசு குடுக்க மாட்டாங்க, மா. நாமதான் அவங்களுக்குக் காகிதக் காசு கொளுத்தணும்.”

மூன்றாவதாக வந்தது, சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங். கொண்டுவந்த கிழவருக்கே அதில் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சிவப்புப் பாகு இல்லை, பச்சைப் பாகு இல்லை. அவித்த பயறும் சோளமும் போட்டு, மேலே வெள்ளையாக வெறும் ஐஸ்.

“நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு போட்டதில்ல,” என்றார். “பெரியம்மாவுக்குச் சீனி வியாதி, ஒரு சொட்டுகூடப் பாகு கூடாதாம். அப்புறம் எதுக்குய்யா ஐஸ் கச்சாங், ஐஸ் கட்டிய வாங்கி நக்கச் சொல்லுன்னேன். சிரிச்சாரு.”

மேசையில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வியாதி வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. அப்பா போய் மூன்று வருஷம் கழித்து.

சூன் ஹின் மெல்லத் திரும்பி அக்கம்பக்கம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பர்கரைப் பிய்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள், குச்சியால் நூடுல்ஸை உயரத் தூக்கி ஊதும் கிழவர்கள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த பத்து பேர் அந்த நொடிதான் பார்வையை எடுத்தார்கள் என்றும் தோன்றியது.

அவன் காத்திருந்தான். அப்பாவுக்கு வந்தது, தங்கைக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது. அடுத்தது தனக்குத்தான். பயம் ஒரு பக்கம் இருக்க, என்ன வரப்போகிறது என்று வயிறு மானமில்லாமல் யோசித்தது. மீன் சாப்? ஆட்டு சூப்?

கால் மணி நேரம் போனது. அவன் சொன்ன குவே தியாவ் வந்தது, அவன் காசு கொடுத்தான். ஒக்டோபஸ் உருண்டை வந்தது, அதற்கும் கொடுத்தான்.

வேறு எதுவும் வரவில்லை.

பேயாக இருந்தால்கூடத் தன்னை மறந்துவிட்டதே என்று அவன் கடைசி உருண்டையைத் தட்டோரம் ஒதுக்கினான். நாற்பத்து நான்கு வயதில் இதற்கெல்லாம் கண் கலங்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தான்.

“எங்க போற?” என்றாள் அம்மா. அன்று முதன்முறையாக அவள் குரல் அவசரப்பட்டது.

“கேட்டுட்டு வரேன்.”

“என்னத்தக் கேக்கப் போற? உக்காரு.”

அவன் போனான்.

கரும்புச்சாறுக் கடைக்கு அடுத்து, வடையும் காய்கறியும் நறுக்கிப் பசெம்பூர் விற்கும் சுல்தான் பாய் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“வாங்க தம்பி. இப்பத்தான் போனீங்க, அதுக்குள்ள சட்டைய மாத்திட்டீங்க?”

“நான் இப்பத்தான் உங்க கடைக்கே வரேன், பாய்.”

பாய் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்ததாகக்கூட சூன் ஹின்னுக்குத் தோன்றியது.

“ஆமா. அவரு கொஞ்சம் வயசு கூட. அம்பது இருக்கும். நரை. மத்தபடி அதே மூக்கு, அதே தோளு, அதே தொந்தி, தப்பா நினைக்காதீங்க. உங்க அண்ணனா?”

“எனக்கு அண்ணன் கிடையாது. நாந்தான் மூத்தவன்.”

“அப்படியா,” என்றார் பாய். அந்த ‘அப்படியா’ நன்றாக இல்லை.

“என்ன சொன்னாரு?”

“ரொம்ப நேரம் இங்கதான் நின்னாரு. எல்லாருக்கும் வாங்கியாச்சு, ஒரு ஆளுக்கு மட்டும் என்ன பிடிக்கும்னு தெரியலன்னாரு. அவன் எல்லாத்தையும் சாப்பிடுவான்னுதான் சொல்லியிருக்காங்க, எது பிடிக்கும்னு யாருமே சொல்லலன்னாரு. அப்ப கரும்புச்சாறு வாங்க ஒருத்தர் வந்தாரு, முதுகுதான் தெரிஞ்சுது, இந்தச் சட்டைதான், நீங்கதான். நானே கேட்டுக்கிறேன்னு உங்க பின்னாடி வந்தாரு. ரெண்டு வாட்டி கூப்பிட்டாரே, கேக்கலையா?”

சூன் ஹின்னின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது.

“நீங்க திரும்பாம போனீங்களா, அவரு முகம் செத்துப்போச்சு தம்பி. ஒண்ணுமே பேசாம ரோட்டுப் பக்கம் போயிட்டாரு.” பாய் கரண்டியால் சாலையைக் காட்டினார். “அங்க பாருங்க, அதோ.”

எதிர்ப்புறம் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. காலி மேடை. காலி நாற்காலிகள். முதல் வரிசையில், யாரும் உட்காராத சிவப்பு வரிசையில், நடு நாற்காலியில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடத் தோள் சற்றே இறங்கியிருந்தது. அப்பாவின் தோள் அப்படித்தான் இறங்கியிருக்கும்.

நடப்பவர்கள் அந்த ஆளைப் பார்த்ததும் விலகிச் சுற்றிப் போனார்கள். ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

சூன் ஹின் ஓடினான். ஓடுவது என்பது அவனைப் பொறுத்தவரை ஒரு உத்தேசம்தான்; உடம்பு பின்னால் வந்து சேர நேரமாகும். சாலை விளிம்பில் ஒரு லாரி குறுக்கே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் போனபோது நாற்காலி காலி.

அவன் அந்த முதல் வரிசைக்குள் போனான். வாழ்நாளில் முதல் தரம். நடு நாற்காலியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. பக்கத்து நாற்காலியைத் தொட்டான். வெயிலில் எல்லா நாற்காலியும் சூடாகத்தான் இருந்தன.

“கூப்பிட்டீங்களே,” என்றான் காலி நாற்காலிகளைப் பார்த்து. “இப்பத் திரும்பிட்டேன்.”

மேடைத் துணி ஒரு தரம் உப்பி அடங்கியது.

திரும்பி வந்தபோது சிக்கன் சாப்பில் பாதி இல்லை. லே பெங் அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒழுங்காகச் சேர்த்துவைத்து, வாயைத் துடைத்தாள்.

“கிளம்பு. மணி ரெண்டரை.”

“மா, இந்த மேசைல உக்காரணும்னு யாரு சொன்னது?”

“காரை எடு.”

எழுத்துக்காரர் ஊய்யின் கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. கதவு ஒற்றை, ஜன்னல் இல்லை. சுவர் முழுக்க எழுதி முடித்த பலகைகளும், எழுதாத பலகைகளும். எழுதாதவை சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. சூன் ஹின் காரணம் கேட்டான்.

“காலிப் பலகை அறையைப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது,” என்றார் ஊய். அவ்வளவுதான் சொன்னார்.

பொட்டலத்தைப் பிரித்து அப்பாவின் பலகையை மேசையில் நிறுத்தினார். சின்னக் கிண்ணத்தில் சிவப்பு மையைக் குழைத்தார். விரலில் குத்துவதற்கு அம்மா தன் சீனிப் பரிசோதனைப் பெட்டியிலிருந்து ஒரு ஊசி எடுத்துக் கொடுத்தாள். ஏழு வருஷத் தயக்கம் கடைசியில் மருந்துக்கடை ஊசியில் வந்து நின்றதே என்று நினைத்தபடி சூன் ஹின் விரலை நீட்டினான். வலிக்கவில்லை. ஒரு துளி எட்டிப் பார்த்து, உருண்டு, நின்றது.

“கொஞ்சம் இருங்க,” என்றார் ஊய். “கேக்க வேண்டியது என் முறை. எல்லா வீட்லயும் கேக்குறதுதான். தாயார் வாயால சொல்லணும்.”

அவர் அம்மாவின் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றார்.

“காவ் தெயிக் சுவானுக்கு மூத்த மகன் இவர்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கை மாறி வச்சா, அவர் வர மாட்டார். திறந்த வாசல்ல வேற எதாவது வந்து உக்காந்துக்கும். அப்புறம் நீங்க தினமும் அதுக்குத்தான் சோறு போடுவீங்க.”

லே பெங் சட்டென்று அண்ணனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான்.

நாற்பத்து நான்கு வருஷமாக அவனிடம் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொன்னவள் அம்மா. பள்ளியில் பெயர் கேட்டபோது, வேலைக்குப் போன இடத்தில் சம்பளம் கேட்டபோது, பெண் பார்க்கப் போன வீட்டில் குணம் கேட்டபோது. அவனுக்கு வாய் இருக்கிறதா என்று மற்றவர்கள் சந்தேகப்படும் அளவுக்கு.

இப்போது அவள் தரையில் ஓடும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசிறி சுற்றியது. மை உலரத் தொடங்கியது. துளி விரலில் கனத்தது.

“மா,” என்றான் சூன் ஹின். “ஆமான்னு சொல்லு மா.”

அவள் சொல்லவில்லை.

அவன் விரலைப் பலகையிடமிருந்து மெல்ல விலக்கி, சின்னப் பையனைப் போல வாயில் வைத்துக்கொண்டான். நாக்கில் இரும்பு ருசி.

அம்மா எழுந்தாள். சிவப்புத் துணியை எடுத்துப் பலகையின் முகத்தை மூடினாள்.

“ஊய், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள், அது அவருடைய கடை என்பதை மறந்தவள் போல. பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, “லே பெங், கதவச் சாத்து,” என்றாள்.